ஏவியவன் கடன்

1958-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் அமெரிக்கா விண்ணில் ஏவிய வான்கார்ட்-1 என்னும் செயற்கைக் கோள் ஒரு பம்பளிமாஸ் பழத்தின் பருமனே உடையது. எடையோ ஒன்றரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. கதிரவன் ஒளியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்ட முதல் கோள் அதுவே. 1964-இல் அதன் வானொலிக் குரல் ஓய்ந்தது. குரல் ஓய்ந்ததே தவிரக் கோள் ஓயவில்லை. இன்றும் அது பூமியைச் சுற்றிவருகிறது. இன்னும் நெடுங்காலம் சுற்றும் என்றே கணிக்கிறார்கள். அதற்கு ஐந்து மாதம் முன்னதாக, 1957 அக்டோபர் 4-இல், சோவியத் நாடு ஏவிய ஸ்புட்னிக்கின் எடை ஏறத்தாழ 84 கிலோ. அவ்வளவு பெரிய பொருள் மூன்றே மாதத்தில் காற்று மண்டலத்தில் இறங்கி எரிந்து மறைந்துவிட்டது. சிறியது நிலைத்தது, பெரியது அழிந்தது. காரணம், இரண்டும் வெவ்வேறு உயரங்களில் சென்றன என்பதே.

வான்கார்ட் யாருடையது என்று கேட்டால் சட்டம் உடனே விடை கூறும்: அமெரிக்காவுடையது. அதற்கு இன்று யார் பொறுப்பு என்று கேட்டால் அவ்வளவு எளிதில் விடை கிட்டாது. அதை இயக்குவார் இல்லை. அதற்குக் கட்டளை அனுப்பும் வழியும் இல்லை. நாளை வேறொரு கோள் அதன்மீது மோதினால் அதை யாருடைய பிழை என்பது? ஒரு பொருளைப் பொதுவெளியில் கொண்டுபோய் வைத்தவனுடைய கடமை, அப்பொருள் பயன் தரும் நாள்வரை மட்டுமா, அது அங்கே கிடக்கும் நாள்வரையா? விண்வெளிப் பயணம் நீடித்து நிலைபெற வேண்டும் என இந்நாளில் எல்லா நாட்டாரும் பேசுகின்றனர். அப்பேச்சின் அடித்தளத்தில் கிடப்பது இந்த அறக் கேள்விதான் என்பது என் துணிபு.

"விண்வெளி எல்லையற்றது, அதில் நாலு இரும்புத் துண்டு கிடந்தால் என்ன குடி முழுகிவிடும்?" என்று சிலர் வினவக்கூடும். கடலும் பரந்ததுதான், எனினும் கப்பல் துறைமுகத்துள் நுழையும் வாய் குறுகியது. மனிதனுக்குப் பயன்படும் விண்வெளி என்பது சில பாதைகளே. பூமியைப் படமெடுக்கும் கோள்களும் வானிலை கூறும் கோள்களும் பெரும்பாலும் 500 முதல் 900 கிலோமீட்டர் உயரத்துக்குள் நெருங்கிச் சுற்றுகின்றன. பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றி, ஒரே இடத்தில் நிற்பன போலத் தோன்றும் செய்தித் தொடர்புக் கோள்களுக்கு ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரேயொரு வளையம் உண்டு. இவற்றுள் 400 கிலோமீட்டர் அளவில் மெல்லிய காற்று இன்னும் இருக்கிறது. அங்கே கைவிடப்பட்ட பொருளை அக்காற்று மாதக்கணக்கிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இழுத்துக் கீழே கொணர்ந்துவிடும். 800 கிலோமீட்டரில் அதே பொருள் நூறாண்டும் அதற்கு மேலும் கிடக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலே ஆயிரம் ஆண்டுக் கணக்கு. 36,000 கிலோமீட்டரிலோ துப்புரவு செய்யும் காற்றே கிடையாது. உயரம் கூடக் கூட, செய்த பிழையின் ஆயுளும் கூடுகிறது.

வேகத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தாழ்ந்த பாதைகளில் ஒவ்வொரு பொருளும் மணிக்கு ஏறத்தாழ 27,000 கிலோமீட்டர் விரைவில் செல்கிறது. 1983-இல் சேலஞ்சர் என்னும் அமெரிக்க விண்வெளி ஓடத்தின் சன்னல் கண்ணாடியில் ஒரு சிறு குழி விழுந்தது. அதைச் செய்தது எங்கிருந்தோ உதிர்ந்து வந்த சாயத் துணுக்கு. ஒரு மில்லிமீட்டரினும் மிகச் சிறியது. கண்ணாடியையே மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் மட்டும் 12 இலட்சத்துக்கும் அதிகமாகச் சுற்றுகின்றன என்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2025-இல் மதிப்பிட்டது. அவற்றுள் கருவிகளால் கண்டு தொடர்ந்து கணக்கில் வைத்திருப்பவை ஏறத்தாழ 40,000 தாம்.

இதன் ஆபத்தை முன்கூட்டியே கண்டவர்கள் இல்லாமற் போகவில்லை. 1978-இலேயே நாசாவைச் சேர்ந்த டொனால்ட் கெஸ்லர், பர்ட்டன் கூர்-பாலே என்னும் இரு அறிஞர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பொருள்கள் பெருகினால் மோதல் நிகழும். மோதலில் துண்டுகள் பிறக்கும். அத்துண்டுகள் மேலும் மோதலை விளைவிக்கும். ஒரு கட்டத்திற்குப் பின் புதிதாக எதையும் ஏவாவிட்டாலும் குப்பை தானே பெருகும் என்பது அதன் சாரம். முப்பத்தோராண்டு கழித்து, 2009 பிப்ரவரி 10-இல், சைபீரியாவுக்கு மேலே 790 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் இரிடியம்-33 என்னும் செயலிலிருந்த கோளும், 1995-லிருந்தே செயலற்றுக் கிடந்த இரஷ்யாவின் காஸ்மோஸ்-2251 என்னும் கோளும் ஒன்றோடொன்று மோதின. கண்டறியத்தக்க துண்டுகள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் தோன்றின. உயிருள்ளதன் மேல் இறந்தது மோதியது என்றே சொல்ல வேண்டும். இனி, பிழை யாருடையது? விலகும் ஆற்றலற்ற கோளைப் பாதையில் விட்டுவைத்தவருடையதா? விலகும் ஆற்றல் இருந்தும் விலகாதவருடையதா?

இது குறித்து 1972-ஆம் ஆண்டின் உலக ஒப்பந்தம் ஒரு வேறுபாடு செய்கிறது. விண்ணிலிருந்து விழும் பொருள் நிலத்தில் சேதம் விளைத்தால், பிழை உண்டா இல்லையா என்று கேளாமலே ஏவிய நாடு ஈடு செய்ய வேண்டும். விண்ணிலேயே சேதம் நேர்ந்தாலோ பிழையை நிறுவினால்தான் ஈடு. முதல் விதி ஒருமுறை நன்றாகவே வேலை செய்தது. 1978 ஜனவரியில் அணு உலை தாங்கிய காஸ்மோஸ்-954 கனடாவின் வடபகுதியில் சிதறி விழுந்தது. கனடா அறுபது இலட்சம் டாலர் கேட்டது. 1981-இல் சோவியத் நாடு முப்பது இலட்சம் தந்தது. அடுத்த ஆண்டே, 1979 ஜூலையில், ஸ்கைலாப் என்னும் அமெரிக்க விண்வெளி நிலையம் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் விழுந்தபோது, எஸ்பெரன்ஸ் என்ற சிற்றூரின் ஊராட்சி, பொது இடத்தில் குப்பை கொட்டியதாக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. வேடிக்கையாகச் செய்ததுதான். ஆயினும் பெரிய ஒப்பந்தங்கள் சுற்றிவளைத்துச் சொன்னதை அவ்வூரார் ஒரு துண்டுச் சீட்டில் நேராகச் சொல்லிவிட்டார்கள் என எண்ணத் தோன்றுகிறது.

அறபு மொழியில் அமைந்த பழைய சட்ட நூல்களைப் பயின்றவர்கள் பொதுவழிச் சட்டத்தை அறிவார்கள். பலர் நடக்கும் வழியில் அனுமதியின்றி ஒருவன் குழி தோண்டினால், அதில் விழுந்து கெடும் பொருளுக்கு அவன் பொறுப்பாளி. அவன் யாரையும் தள்ளிவிடவில்லை. விழும் வேளையில் அவன் அவ்விடத்திலேயே இல்லை. ஆயினும் நேரடியாகச் செய்தவன், காரணமாய் அமைந்தவன் என்று இருவரையும் பிரித்து ஆராய்ந்த அச்சட்ட வல்லுநர்கள், தள்ளிய கை வேறொன்று இல்லாதபோது தோண்டிய கையைத் தேடிப் பிடித்தார்கள். செயலற்ற கோளைப் பாதையில் விட்டவனும் குழி தோண்டியவனே. பிழையை நிறுவ வேண்டும் எனில், விட்டுவைத்ததையே ஏன் பிழையாகக் கொள்ளக்கூடாது?

இதற்கு மெய்யியலார் சிலர் ஒரு தடை எழுப்புவர். இன்று கோளை விட்டெறிபவனால் துன்புறப் போகிறவன் இன்னும் ஐம்பதாண்டுக்குப் பின் பிறப்பவனாக இருக்கலாம். பிறவாத ஒருவனுக்கு உரிமை ஏது? உரிமை இல்லாதவனுக்கு நாம் பட்ட கடன் ஏது? கேட்பதற்குக் கூர்மையான வாதம். ஆனால் குழியின் எடுத்துக்காட்டையே மறுபடி எண்ணிப் பாருங்கள். இன்று தோண்டிய குழியில் பத்தாண்டு கழித்து எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் விழுகிறான். தோண்டிய அன்று அவன் பிறக்கவில்லை. அதனால் தோண்டியவன் குற்றமற்றவன் என எந்த ஊர்ப் பெரியவராவது தீர்ப்புச் சொல்வாரா? கடமை எழுவது பாதிக்கப்படுபவனின் பிறப்புச் சான்றிதழிலிருந்தன்று; வழி பொதுவானது என்பதிலிருந்தே. அவ்வழியில் எவரேனும் வருவர் என்பது உறுதியாயின், வருபவர் பெயர் தெரியாமை நமக்குச் சாக்காகாது.

வழி பொதுவானது என்பதை நாடுகளே ஒப்புக்கொண்டுள்ளன. விண்வெளியை எந்த நாடும் தனதென உரிமை கொண்டாடலாகாது என்றும், அதன் பயன் எல்லா நாட்டாருக்கும் உரியது என்றும் 1967-ஆம் ஆண்டின் ஒப்பந்தம் கூறுகிறது. அதே ஒப்பந்தம், ஏவிய பொருளின்மேல் ஏவியவருக்குள்ள உரிமை, அப்பொருள் விண்ணில் இருப்பதால் மாறிவிடாது என்றும் கூறுகிறது. விளைவு யாதெனின், வழியின்மேல் யாருக்கும் உரிமை இல்லை. வழியை அடைத்துக் கிடக்கும் குப்பையின்மேல் உரியவருக்கு என்றென்றும் உரிமை உண்டு! உரியவர் எடுக்கமாட்டார், பிறர் அவர் இசைவின்றி எடுக்கக்கூடாது. பழுதடைந்த கோளை அகற்றவல்ல கலம் பகைவரின் நல்ல கோளையும் பறிக்கவல்லது என்ற அச்சமும் இதில் கலந்திருக்கிறது. 2024-இல் ஜப்பான் நாட்டு நிறுவனமொன்று ஒரு பழைய ராக்கெட்டின் கைவிடப்பட்ட மேலடுக்கை 15 மீட்டர் அளவுக்கு நெருங்கிச் சென்று ஆராய்ந்தது. மூன்று டன் எடையுள்ள அது 2009-இல் ஜப்பானே ஏவியது. தன் வீட்டுக் குப்பையாதலால் யாரிடமும் இசைவு கேட்க வேண்டியிருக்கவில்லை.

நம்மில் பலர் இத்தகைய பொதுப் பொருளை 'அமானிதம்' என்று சொல்லிவிடுவார்கள். சொல் நல்லதுதான், ஆனால் இங்கே அது சற்றுப் பொருந்தவில்லை. அமானிதமாக ஒப்படைக்கப்பட்டதைக் காத்து வைக்கலாமேயன்றி எடுத்துப் பயன்படுத்தலாகாது. விண்வெளிப் பாதையையோ நாம் பயன்படுத்துகிறோம். பயன்படுத்துவதில் தவறும் இல்லை. ஆதலின் இது இரவலை ஒத்தது. நிக்காஹ் விருந்துக்கு அடுத்த வீட்டாரிடம் தேக்சா இரவல் வாங்குகிறோம். அதில் ஆக்கி, பரிமாறி, அனைவரும் உண்டபின் அதைத் துலக்கித் திருப்பிக் கொடுக்கிறோம். அடிப்பிடித்த சோற்றோடு கொண்டுபோய் வைப்பவரை மறுமுறை யாரும் நம்பமாட்டார்கள். இரவல் பெற்றவன் கடன் திருப்பித் தருவதோடு முடிவதன்று. திருப்பித் தரத்தக்க நிலையில் வைத்திருப்பதும் அதில் அடங்கும்.

அறிந்தே அடிப்பிடிக்க விட்டவர்களும் உண்டு. 2007 ஜனவரியில் சீனா தன் பழைய வானிலைக் கோள் ஒன்றை 860 கிலோமீட்டர் உயரத்தில் ஏவுகணையால் தகர்த்துக் காட்டியது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் கணக்கில் ஏறின. 2021 நவம்பரில் இரஷ்யாவும் தன் கோளொன்றை அவ்வாறே உடைத்தது. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்த வீரர்கள், அவர்களுள் இரஷ்யரும் இருந்தனர், உயிருக்கு அஞ்சித் திரும்பும் கலங்களில் ஒடுங்க நேர்ந்தது. நம் இந்திய நாடும் 2019 மார்ச் 27-இல் இச்சோதனையைச் செய்தது. 300 கிலோமீட்டருக்கும் தாழ்வான உயரத்தைத் தேர்ந்தெடுத்ததால் பெரும்பகுதித் துண்டுகள் விரைவில் விழுந்தன. ஆயினும் சில துண்டுகள் அந்நிலையத்தின் உயரத்தையும் தாண்டி மேலெழுந்தன, சில ஓராண்டுக்கும் மேலாக நீடித்தன. தாழ்வாகச் செய்தது சீனா செய்ததினும் நன்று. செய்யாதிருந்தால் அதனினும் நன்றாயிருக்கும். 2022 டிசம்பரில், இவ்வகைச் சோதனைகளைக் கைவிட வேண்டும் என்ற ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை 155 நாடுகள் ஆதரித்தன. தீர்மானம் எவரையும் கட்டுப்படுத்தும் சட்டமன்று.

இந்தக் குப்பையின் வரலாறு பிந்தி வந்த நாடுகளின் நெஞ்சில் ஒரு நியாயமான மனக்குறையை விளைவித்திருக்கிறது. முந்தி வந்தவர்கள் அறுபதாண்டு காலம் எறிந்துவிட்டுப் போனார்கள். ஏறத்தாழ 9 டன் எடையுள்ள ஸெனித் ராக்கெட்டின் மேலடுக்குகள் 840 கிலோமீட்டர் உயரத்தில் இன்றும் கூட்டமாகச் சுற்றுகின்றன. பேராபத்து விளைக்கவல்லவை எனப் பட்டியலிடுவோர் அவற்றையே முதலில் வைக்கின்றனர். இப்போது, வழி நெருக்கடியானபின், 'இனி எல்லாரும் துப்புரவாக நடக்க வேண்டும்' என்று விதி வகுத்தால், புதிதாகக் காலெடுத்து வைக்கும் ஏழை நாட்டுக்கு அது கதவடைப்பாகத் தோன்றாதா? இது வெறும் பிறநாட்டுச் செய்தியன்று. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இந்தியாவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்திசையில் ஏவும் ராக்கெட், இலங்கையின்மேல் பறக்காதிருக்க வளைந்து செல்ல வேண்டும். அதில் எரிபொருள் வீணாகிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேர் தெற்கே செல்லலாம். சிறு ராக்கெட்டுகளுக்கு அந்தச் சேமிப்பு பெரிது. அச்சேமிப்பில் ஒரு பங்கைக் கோளின் இறுதிக்கென ஒதுக்குமாறு கேட்பது நியாயமா?

நியாயம் என்றே நான் சொல்வேன். எனினும் இரு கணக்குகளையும் ஒன்றாகக் குழப்பலாகாது. பழைய குப்பை பழையவர்களின் கடன். அதை அகற்றும் செலவில் பிந்தி வந்தவனைப் பங்காளியாக்குவது அநீதி. ஆனால் அவன் புதிதாக ஏவுவது அவனுடைய கடன். முன்னவன் வழியில் குழி தோண்டினான் என்பது எனக்கும் ஒரு குழி தோண்டும் உரிமையைத் தராது. செல்வ நாடுகள் முதற்கணக்கைத் தீர்க்காமல் இரண்டாம் கணக்கை மட்டும் உரக்கப் பேசுவதுதான் ஐயத்தை வளர்க்கிறது.

இரண்டாம் கணக்கைத் தீர்க்கும் இடம் தச்சனின் பட்டறை. கோள் மேலே சென்றபின் யாரும் அதன் கைகால்களைத் திருத்த முடியாது. ஆகவே அதன் முடிவை அது பிறக்குமுன்னரே வரைந்தாக வேண்டும். இந்திய–பிரெஞ்சு முயற்சியான மேகா-டிராப்பிக்ஸ் என்ற கோள் 2011-இல் மூன்றாண்டுப் பணிக்கென ஏவப்பட்டு, 2021 வரை உழைத்தது. கட்டுப்பாட்டோடு கீழிறக்குவதற்கென்று அது வடிவமைக்கப்படவில்லை. ஆயினும் 125 கிலோ அளவில் எரிபொருள் எஞ்சியிருந்தது. இஸ்ரோ பொறியாளர்கள் 2022 ஆகஸ்ட் தொட்டுப் படிப்படியாக அதன் பாதையைத் தாழ்த்தி, 2023 மார்ச் 7-இல் பசிபிக் பெருங்கடலின் மேலே எரிந்து விழச் செய்தார்கள். எஞ்சிய எரிபொருளின் தயவால் நடந்தது அது. 2024 ஜனவரி முதல் நாள் ஏவிய ராக்கெட்டிலோ முன்னேற்பாடே இருந்தது: தன் சுமையை இறக்கியபின், நான்காம் அடுக்கு 650 கிலோமீட்டரிலிருந்து 350 கிலோமீட்டருக்குத் தாழ்ந்து, அங்கே சில சோதனைக் கருவிகளைச் சுமந்து உழைத்து, மார்ச் 21-இல் காற்றில் எரிந்தது. 2030-க்குள் தன் பயணங்கள் யாவும் குப்பையற்றவையாக அமைய வேண்டும் என இஸ்ரோ குறிக்கோள் வகுத்துள்ளது. நெடுங்காலம் உலகம் ஏற்றிருந்த வரம்பு, பணி முடிந்து 25 ஆண்டுக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது. ஒரு தலைமுறையின் குப்பையை மறு தலைமுறை கண்டே தீர வேண்டும் என்ற வரம்பு அது! 2022-இல் அமெரிக்கா தன் உரிமம் பெறும் கோள்களுக்கு அதை ஐந்தாண்டாகக் குறைத்தது.

இறக்கி எரிப்பதோடு எல்லாம் முடிந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. எரிந்த அலுமினியம் எங்கோ போய்ச் சேரத்தான் வேண்டும். மேல் வளிமண்டலத்தில் மிதக்கும் கந்தக அமிலத் துகள்களுள் ஏறத்தாழ பத்தில் ஒன்றில் எரிந்த கலங்களின் உலோகம் கலந்துள்ளதாக 2023-இல் ஓர் ஆய்வு கண்டது. 2019 மே மாதம் அறுபதில் தொடங்கிய ஸ்டார்லிங்க் கோள்கள் 2025-இல் எட்டாயிரத்தைக் கடந்துவிட்ட நிலையில் இந்தக் கணக்கு வளரவே செய்யும். அவை தாழ்ந்த பாதையில் சுற்றுவதால் பழுதானவை தாமே சில ஆண்டுகளில் விழுந்துவிடும் என்பது அவ்வமைப்பின் நற்கூறு. அந்த நற்கூறே இங்கே கேள்விக்குள்ளாகிறது. ஜப்பானியர் 2024-இல் மரத்தால் ஒரு சிறு கோளைச் செய்து அனுப்பிப் பார்த்தது இதனால்தான். மரம் எரிந்தால் உலோகத் தூசு மிஞ்சாது.

எரிப்பதற்கு முன் பழுது பார்க்கலாகாதா என்ற கேள்வியும் உண்டு. 2001-இல் ஏவப்பட்ட இன்டெல்சாட்-901 என்னும் செய்திக் கோளுக்கு எரிபொருள் தீரவிருந்த வேளையில், 2020 பிப்ரவரியில் மற்றொரு கலம் சென்று அதைப் பற்றிக்கொண்டு, ஐந்தாண்டு காலம் அதற்குக் காலாக நின்று உழைத்தது. பின் அதை யாருக்கும் இடையூறில்லாத உயர்ந்த பாதையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேறு பணிக்குப் போயிற்று. பிடித்துக்கொள்ள இடம் இருந்தாலன்றி இது கைகூடாது. பெரும்பாலான கோள்களில் அப்படியொரு பிடி வைப்பதில்லை. வைத்தால் எடை கூடும், எடை கூடினால் செலவு கூடும்.

1990-இல் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கி இதற்கு விலக்கு. வீரர்கள் பற்றிக்கொள்ளக் கைப்பிடிகளும், கழற்றி மாற்றத்தக்க பெட்டிகளும் வைத்தே அதைச் செய்தார்கள். அதன் ஆடியில் பிழை இருப்பது ஏவியபின் தெரியவந்தபோது 1993-இல் சென்று திருத்த முடிந்தது அதனால்தான். ஐந்து முறை வீரர்கள் சென்றார்கள். 2009 மே மாதத்தில் சென்றதே கடைசிப் பயணம். விண்வெளி ஓடங்கள் இனி அங்கே வரப்போவதில்லை என்பது சென்றவர்களுக்குத் தெரியும். ஹப்பிளுக்குத் தன்னைத் தானே கீழிறக்கிக்கொள்ளும் இயந்திரம் கிடையாது. ஆகவே அவர்கள் புறப்படுமுன், அதன் அடிப்புறத்தில் ஒரு வளையத்தைப் பொருத்திவிட்டு வந்தார்கள். பிற்காலத்தில், தாங்கள் அறியாத யாரோ, அன்று வரையப்படாத ஏதோ ஒரு கலத்தில் வந்து, அதைப் பற்றிக்கொண்டு தொலைநோக்கியைப் பத்திரமாக இறக்க வேண்டும் என்பதற்காக வைத்த பிடி அது. ஹப்பிள் ஆண்டுக்காண்டு சிறுகச் சிறுகத் தாழ்ந்து வருகிறது. அந்த வளையத்தை இதுவரை எந்தக் கலமும் சென்று பற்றவில்லை.